நடுவானில் இருப்பவரிடம் சாவுச் செய்தியைச் சொல்வதா?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9:40

இந்தக் களத்தில் விண்வெளி பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ராக்கெட் பற்றி அல்ல.

போன வாரம் டேனியல் டானி என்ற அமெரிக்க விண்வெளி வீரரைப் பற்றிப் படித்தேன். 2007 அக்டோபரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனவர். டிசம்பரில் வரவேண்டிய விண்ணோடத்தில் ஏறி வீடு திரும்பியிருக்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் உணர்கருவிகள் சரியாக வேலை செய்யாததால் அந்த ஓடம் கிளம்புவது தள்ளிப்போனது. அந்த இடைவெளியில், டிசம்பர் 19 அன்று, இல்லினாய்ஸ் மாநிலத்தில் அவருடைய அம்மா ரோஸ் டானி போன கார் மீது ரயில் மோதிவிட்டது. அம்மாவுக்கு 90 வயது. அவர் இறந்த செய்தியை டானியிடம் தாமதிக்காமல் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் அவருடைய மனைவியும், விண்வெளி வீரர்களைக் கவனிக்கும் மருத்துவரும். ஓடம் ஒருவழியாகப் பிப்ரவரியில் மேலே போய், 20-ஆம் தேதி அவரைக் கீழே கொண்டுவந்தது. அம்மா போய் அப்போது இரண்டு மாதம்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய அப்பா, எங்கள் மாமா, காலையில் காப்பி குடித்துவிட்டுத் திண்ணைக் கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போகிற வழியில் இருந்தது கப்பல். சிங்கப்பூர் தொட இன்னும் பதினொரு நாள். மாமாவின் அண்ணன் சொல்லிவிட்டார்: "நடுக்கடல்ல இருக்கிறவன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? வரவா முடியும்? கரை தொட்டதும் சொல்லிக்கலாம்." அவர் பேச்சை மீறி யாரும் பேசவில்லை. கொழுந்தன் கொள்ளி வைத்தார். நான் பதினொரு நாளும் வாட்ஸ்அப்பில் அவரோடு பேசினேன். "அப்பா எங்க?" என்று கேட்டால், "தூங்குறாங்க."

டானியின் மனைவி சொன்னார். நான் சொல்லவில்லை. விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு இதில் ஏதாவது முறை வைத்திருக்கிறார்களா? அவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


துருவநட்சத்திரம் | ஞாயிறு, இரவு 10:55

அக்கா, நீங்கள் செய்ததையே ஒரு நாடு செய்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கியோர்கி கிரேச்கோ என்ற சோவியத் விண்வெளி வீரர் 1977 டிசம்பர் 10 அன்று யூரி ரொமானென்கோவுடன் சல்யூத் 6 நிலையத்துக்குப் போனார். 96 நாள் தங்கினார்கள். அந்தக் காலத்தில் அது உலக சாதனை. நடுவில் கிரேச்கோவின் அப்பா இறந்துபோனார். கீழே இருந்தவர்கள் அவரிடம் சொல்லவில்லை. 1978 மார்ச் 16 அன்று தரை இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

காரணம் கொடுமை இல்லை. நிலையத்தில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் உடைந்துபோனால் இன்னொருவர் தலையில் எல்லா வேலையும் விழும். வெளியே காற்று கிடையாது, ஒரு வால்வைத் திறந்து மூடுவதில் கவனம் தப்பினால் இரண்டு உயிர். நடுக்கடலைப் பற்றி உங்கள் பெரியவர் சொன்ன அதே வாதம்தான் இது.

பிறகு இந்த எண்ணம் மாறியது. இப்போது கிளம்புவதற்கு முன்பே வீரர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து, கெட்ட செய்தி வந்தால் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். மறுபக்கத்துக்கும் ஒத்திகை உண்டு. கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்டு 2012 கடைசியில் ஐந்து மாதப் பயணமாகப் போகும் முன், "ஹாட்ஃபீல்டு விண்வெளியில் இறந்துவிட்டார்" என்று வைத்துக்கொண்டு ஒரு ஒத்திகை நடத்தினார்கள். ஒத்திகை மேஜையில் அவருடைய மனைவியும் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாத நாளில் இமயமலைக்கு நடைப்பயணம் போகலாம் என்று அந்த அம்மா நினைத்திருந்தாராம். அப்படி ஒரு செய்தி வந்தால் நான் ஊர் திரும்பவே ஒரு நாளுக்கு மேல் ஆகுமே என்று அந்த மேஜையில்தான் உறைத்திருக்கிறது.

ஆக, முறை இதுதான்: யாருக்குத் துக்கமோ அவரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுவது.


கடலோடி72 | திங்கள், காலை 6:15

தங்கச்சி, நான் முப்பது வருடம் எண்ணெய்க் கப்பல்களில் எஞ்சின் அறையில் இருந்தவன். மறுகரையில் இருந்து எழுதுகிறேன்.

1991-இல் எங்கள் அம்மா இறந்தார்கள். செய்தி ரேடியோ ஆபீசர் வழியாகத் தந்தியாக வந்தது. நான் அப்போது வாட்ச்சில், அதாவது என் முறை வேலையில், இருக்கிறேன். கேப்டன் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் காத்திருந்தார். வாட்ச் முடிந்து மேலே வந்ததும் தன் அறைக்குக் கூப்பிட்டு, என்னை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்து, காகிதத்தைக் கையில் கொடுத்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நான் படித்து முடிக்கும்வரை எழுந்துபோகவும் இல்லை.

அந்த நான்கு மணி நேரத்துக்காக நான் அவரை ஒருநாளும் குறை சொன்னதில்லை. எண்ணெய்க் கப்பலின் பம்ப் ஓடும்போது எனக்கு அந்தச் செய்தி வந்திருக்கக் கூடாது. ஆனால் நான்கு மணி நேரம் வேறு, பதினொரு நாள் வேறு. 96 நாள் முற்றிலும் வேறு. வேலை முடியட்டும் என்று காத்திருப்பது ஒன்று. அவனுக்காக நாமே துக்கத்தைத் தள்ளிவைப்பது இன்னொன்று.

அன்றைக்கு அறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். கப்பலில் குடிதண்ணீர் அளவுதான். அன்று யாரும் கேட்கவில்லை. ஊரில் அம்மாவை எடுக்கிற நேரம் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த நேரத்தில் மேல்தளத்துக்கு வந்து கிழக்கே பார்த்து நின்றேன். அந்த நேரத்தை எனக்குக் கொடுத்தது கேப்டன்தான். கிரேச்கோவுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. அவர் அப்பாவை எடுத்த நாளில் அவர் மேலே ஏதோ சோதனை செய்துகொண்டு, ஒருவேளை சிரித்துக்கொண்டுகூட இருந்திருப்பார். தரைக்கு வந்த பிறகு அந்த நாளைத் தேடிப் போய் எடுக்க முடியுமா?


மல்லிகைப்பந்தல் | திங்கள், பிற்பகல் 2:30

எல்லாரும் "சொல்லத்தான் வேண்டும்" என்ற பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். சாவுச் செய்தி சொல்வது என் வேலையில் பாதி.

நான் பார்த்த வரையில், போனில் அழுதுகொண்டே சொல்கிற பலர் தன் பாரத்தை இறக்கி வைக்கத்தான் சொல்கிறார்கள். சொன்னவருக்கு லேசாகிவிடும். கேட்டவர் அந்தப் பக்கம் தனியாக நிற்பார். அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது.

என் அண்ணன் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறார். அப்பா இறந்த அன்று ராத்திரியே சொல்லிவிட்டோம். முதலாளி விடுமுறை கொடுக்கவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அண்ணன் மறுபடி கிரேனில் ஏறினார். அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கூண்டு, கீழே ஆட்கள் நடமாட்டம். அன்று ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அவருக்கு அழ இடம் அந்தக் கூண்டு மட்டும்தான். ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால் விடுமுறையோடு சேர்த்துச் சொல்லியிருப்போம்.

வைகைக்கரை, உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். பதினொரு நாள் நீங்கள் தனியாகச் சுமந்தீர்கள். அதுவும் அன்புதான்.


துருவநட்சத்திரம் | திங்கள், இரவு 8:05

மல்லிகைப்பந்தல் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சொல்வதைவிட, சொன்ன பிறகு பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பெரிது.

2001 செப்டம்பர் 11 அன்று பூமிக்கு வெளியே இருந்த ஒரே அமெரிக்கர் ஃபிராங்க் கல்பெர்ட்சன். விண்வெளி நிலையத்தின் தளபதி. கூட இருந்த இருவரும் ரஷ்யர்கள், விளாதிமிர் தெழூரவும் மிகயில் தியூரினும். நிலையம் அமெரிக்காவின் மேலே வந்தபோது கல்பெர்ட்சன் ஜன்னலில் நியூயார்க்கின் புகையைப் பார்த்தார், படமும் எடுத்தார். பிறகுதான் தெரிந்தது, பென்டகனில் மோதிய விமானத்தின் விமானி சிக் பர்லிங்கேம் கடற்படைக் கல்லூரியில் தன்னோடு படித்தவர் என்று. அவர் அப்போது எழுதிய கடிதத்தில், விண்வெளியில் கண்ணீர் ஒரே மாதிரி வழிவதில்லை என்று ஒரு வரி வருகிறது.

அது கவிதைக்காக எழுதிய வரி இல்லை. எடையின்மையில் கண்ணீர் கீழே இறங்காது. கண்ணிலேயே பந்துபோலத் திரண்டு நிற்கும். பெருகப் பெருக மூக்கின் மேலே ஏறி அடுத்த கண்ணுக்குப் பரவும். துணியால் ஒற்றி எடுத்தால்தான் போகும். கடலோடி அண்ணா தலைக்கு ஊற்றிக்கொண்டதைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. அங்கே தலைமுழுகவும் வழியில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதுதான் குளியல்.

அன்று ராத்திரி தியூரின் அவருக்குப் பிடித்த போர்ஷ் சூப்பைத் தயார் செய்து கொடுத்தார் என்று அதே கடிதத்தில் இருக்கிறது. பொட்டலத்தில் வெந்நீர் விட்டுப் பிசைவதுதான் அங்கே சமையல். ஆனாலும் துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு ஆக்கிக் கொண்டுவந்து வைப்பார்களே, அதுதான் இது. 400 கிலோமீட்டர் உயரத்திலும் யாரோ ஒருவருக்கு அது தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. மறைத்தால் செய்தி வராமல் இருக்காது, தப்பாக வரும். 2011 ஜனவரி 8 அன்று ஸ்காட் கெல்லி நிலையத்தின் தளபதியாக மேலே இருக்கிறார். அவருடைய இரட்டைச் சகோதரரின் மனைவி, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸை அரிசோனாவில் ஒருவன் தலையில் சுட்டுவிட்டான். அவர் இறந்துவிட்டதாகவே அன்று சில செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. அவர் பிழைத்தார். அன்றைய நாளில் கெல்லிக்கு நம்பகமாகச் சொல்ல ஆட்கள் கீழே இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர் மேலே இருந்தபடியே ஒரு நிமிட மௌன அஞ்சலியை நடத்தினார். சுடப்பட்டவர்களில் ஆறு பேர் இறந்திருந்தார்கள்.


பிறைநிலா | திங்கள், இரவு 9:20

சாவைப் பற்றியே பேசுகிறோம். அங்கே ஒரு கல்யாணமும் நடந்திருக்கிறது. 2003 ஆகஸ்ட் 10 அன்று யூரி மலென்சென்கோ விண்வெளி நிலையத்தில் இருந்தபடியே கல்யாணம் செய்துகொண்டார். பெண் எகத்தரீனா ஹூஸ்டனில். மாப்பிள்ளை நேரில் இல்லாமலும் கல்யாணம் செல்லும் என்று டெக்சாஸ் சட்டம் இடம் கொடுத்தது. கூட இருந்த எட் லூ மாப்பிள்ளைத் தோழன். கீபோர்டில் கல்யாண இசை வாசித்ததும் அவர்தான். கீழே மாப்பிள்ளையின் ஆளுயர அட்டைப்படம் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், இதெல்லாம் நடந்தது 400 கிலோமீட்டரில். பேசினால் உடனே பதில் வரும். செவ்வாய்க்குப் போனால் அது இல்லை. இரண்டு கோள்களும் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து, ஒரு சொல் போய்ச் சேரவே 3 நிமிடத்தில் இருந்து 22 நிமிடம் வரை ஆகும். நடுவில் சூரியன் வந்து மறைக்கும் காலத்தில் சுமார் இரண்டு வாரம் பேச்சே நின்றுவிடும். போய்வர இரண்டரை, மூன்று வருடம்.

என் பாட்டியிடம் கதை கேட்கும்போது 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவாள். துக்கம் விசாரிப்பதும் அப்படித்தானே? ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் 'உம்' என்கிறார். 22 நிமிடத் தூரத்தில் யாரும் யாருக்கும் 'உம்' கொட்ட முடியாது. "அம்மா போயிட்டாங்க" என்று இங்கே சொன்னால், அங்கே அவர் கதறுவது நமக்குக் கேட்கும்போது முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். அதுவரை சொன்னவர் திரை முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

2023 ஜூனில் இருந்து 2024 ஜூலை வரை நான்கு பேரை ஹூஸ்டனில் ஒரு செயற்கைச் செவ்வாய் வீட்டுக்குள் 378 நாள் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் இந்தத் தாமதத்தை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்தால் ஹூஸ்டன். உண்மையில் போகிறவர்களுக்கு?


கடலோடி72 | செவ்வாய், காலை 5:50

பிறைநிலா, உங்கள் 'உம்' என் காலத்துக் கடிதங்களை நினைவுபடுத்தியது. நான் ஒரு துறைமுகத்தில் தபால் போட்டு, அவள் பதில் அடுத்த துறைமுகத்துக்கு வந்து சேர ஒரு மாதம். "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று கடிதம் வரும்போது பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். படிக்கும் எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் காய்ச்சல் தொடங்கும்.

அதனால் என் மனைவி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கடிதத்தின் முதல் வரியிலேயே, "எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்" என்று எழுதிவிடுவாள். அப்புறம்தான் மற்றது. அந்த ஒரு வரி இருந்ததால் மீதியை என்னால் நிதானமாகப் படிக்க முடிந்தது. அந்த வரியை நான் நம்பினேன் என்பதுதான் விஷயம். ஒருமுறை அவள் அதைப் பொய்யாக எழுதியிருந்தால், பிறகு வந்த எந்தக் கடிதமும் எனக்குக் கடிதமாக இருந்திருக்காது.

தங்கச்சி மனம் நோகச் சொல்லவில்லை. செவ்வாய்க்குப் போகிறவனுக்கு வீட்டில் இருந்து வருகிற சொல் மட்டும்தான் வீடு. அதில் பொய் கலந்தால் அவனுக்கு வீடு இல்லாமல் போகும்.


நீலப்புள்ளி | செவ்வாய், இரவு 11:10

தாமதமாக வருகிறேன். இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு என் மனதில் ஓடியது வாயேஜர்தான். அதில் ஆள் இல்லை, இருந்தாலும் ஒரு மனதின் துடிப்பு இருக்கிறது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காக. 1977-இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் ஆளில்லா விண்கலங்களிலும், வேற்றுலகத்தார் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று, ஆளுக்கொரு தங்கத் தட்டு வைத்து அனுப்பினார்கள். தங்கமுலாம் பூசிய 12 அங்குலச் செப்பு இசைத்தட்டு. 55 மொழிகளில் வாழ்த்து, 27 இசைத் துண்டுகள், நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். தயாரித்த குழுவின் தலைவர் வானியலாளர் கார்ல் சேகன். படைப்பு இயக்குநர் ஆன் ட்ரூயன். தட்டில் சேர்க்கச் சீனத்தின் மிகப் பழைய இசை ஒன்றை ட்ரூயன் தேடிக்கொண்டிருந்தார். 'ஓடும் நீர்' என்று பொருள்படும் ஒரு பாட்டு, குசின் என்ற ஏழு தந்தி யாழில் வாசிப்பது. அது கிடைத்த சந்தோஷத்தில் சேகன் தங்கியிருந்த ஓட்டலுக்குப் போன் செய்து சேதி விட்டார். அன்று 1977 ஜூன் 1. சேகன் திரும்பக் கூப்பிட்டார். வருடக்கணக்கில் நண்பர்களாக மட்டும் இருந்தவர்கள், அந்த ஒரு போன் பேச்சு முடிவதற்குள் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ட்ரூயன் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தார். தலையிலும் மார்பிலும் மின்வாய்கள். மூளை அலை, இதயத் துடிப்பு, எல்லாம் பதிவாகின்றன. பூமியின் வரலாறு, மனிதர்களின் பாடுகள் என்று நினைக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தார். கடைசியில் சில நிமிடம், காதலில் விழுந்த ஒருத்திக்கு எப்படி இருக்கும் என்பதையும் நினைத்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கித் தட்டில் பதித்தார்கள். கேட்டால் சரவெடி தூரத்தில் வெடிக்கிற மாதிரி இருக்கும்.

இதில் வலியும் உண்டு, அதை மறைத்துக் காதல் கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. சேகனுக்கு அப்போது மனைவி இருந்தார். லிண்டா சால்ஸ்மன் சேகன். அந்த 55 மொழி வாழ்த்துகளையும் திரட்டியவர் அவர்தான். ஆங்கில வாழ்த்தைச் சொல்வது அவர்களுடைய ஆறு வயது மகன் நிக். ட்ரூயனுக்கும் அதே குழுவில் இருந்த திமதி ஃபெரிஸோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரே தட்டில் ஒருவரின் காதலும், இன்னும் இரண்டு பேருடைய இழப்பும், ஒரு பிள்ளையின் குரலும் சேர்ந்து போகின்றன. பதிவு செய்த நாளில் அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரிந்திருக்காது.

சேகனும் ட்ரூயனும் 1981-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1996 டிசம்பர் 20 அன்று சியாட்டிலில் சேகன் இறந்தார். எலும்பு மஜ்ஜை நோய். வயது 62. மறுபடி எங்கேயோ சந்திப்போம் என்று தனக்கு நம்பிக்கை இல்லை என்பதை ட்ரூயன் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஒருவரை ஒருவர் கண்டுகொண்டு கூட வாழக் கிடைத்ததே, அதுதான் தனக்குப் பெரிது என்றும்.

சரி, இந்த இழைக்கு இது ஏன் என்றால், அந்தத் தட்டுக்கு யாரும் சொல்லவில்லை. அதில் இருக்கும் இதயத்துக்கு இன்னும் 1977 ஜூன் 3. சேகன் அதற்கு உயிரோடு இருக்கிறார். வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. அதன் சமிக்ஞை இங்கே வந்து சேர 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 2012 ஆகஸ்டில் சூரியனின் எல்லையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குப் போய்விட்டது. இன்னும் 40,000 ஆண்டில் வேறொரு விண்மீனுக்கு 1.6 ஒளியாண்டுத் தூரத்தில் கடந்துபோகும். தட்டு நூறு கோடி ஆண்டு தாங்கும் என்று கணக்கு. அத்தனை காலமும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளைக்கு முன்புதான் கல்யாணம் பேசியிருக்கும்.

தட்டுக்குத் தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. உள்ளே உயிர் இல்லை. ஒரு மனிதனை அந்தத் தட்டு போல வைத்திருக்கலாமா என்பதுதான் வைகைக்கரை அக்காவின் கேள்வி என்று நினைக்கிறேன். கிரேச்கோவை 1978-இல் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.


பிறைநிலா | புதன், காலை 7:30

அந்த 55 மொழிகளில் தமிழ் இல்லை என்பது எனக்குச் சின்ன வயதில் இருந்தே ஒரு குறை. தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, சிங்களமும் இருக்கிறது. ஆனால் அமோய் என்ற சீன வட்டார மொழியின் வாழ்த்தைக் கேட்டபோது கொஞ்சம் ஆறியது. "விண்வெளி நண்பர்களே, எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிட்டீர்களா? நேரம் இருந்தால் வந்து போங்கள்" என்கிறார் ஒருவர். நம் வீட்டு ஆளே பேசின மாதிரி இருந்தது.


மல்லிகைப்பந்தல் | புதன், பிற்பகல் 3:05

நீலப்புள்ளி எழுதியதை வேலைக்கு நடுவில் படித்தேன். இரண்டு நாளாக நான் பிடித்திருந்த பக்கத்தில் இருந்து கொஞ்சம் நகர்கிறேன்.

எங்கள் அண்ணனுக்குச் சொன்னது தப்பு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நேற்று ராத்திரி அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். "கூண்டுல அழுதேன்தான். ஆனா அன்னைக்கு நான் என் அப்பாவுக்காக அழுதேன்ல" என்றார். விடுமுறை கொடுக்காதவன் மேல் வரவேண்டிய கோபத்தை நான் செய்தி சொன்னதன் மேல் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஆனால் துருவநட்சத்திரம் சொன்ன அந்த முறையைத்தான் நான் கடைசியில் பிடித்துக்கொள்வேன். முன்கூட்டிக் கேட்டுவிட வேண்டும். எல்லாரும் தாங்குவார்கள் என்று நாம் முடிவு செய்யக் கூடாது. தாங்கமாட்டார்கள் என்றும் முடிவு செய்யக் கூடாது.

வைகைக்கரை, நீங்கள் முதல் பதிவோடு நிறுத்திவிட்டீர்கள். சிங்கப்பூரில் சொன்னபோது அவர் என்ன சொன்னார்?


வைகைக்கரை | புதன், இரவு 10:20

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுத வரவில்லை.

சிங்கப்பூர் வந்ததும் கொழுந்தன்தான் போன் செய்து சொன்னார். அவர் "சரி" என்று மட்டும் சொன்னாராம். கப்பலில் இருந்து இறங்கி ஊர் வந்து சேர்ந்தபோது பதினாலாம் நாள். பதினாறாம் நாள் காரியத்தில் உட்கார்ந்து எல்லாம் செய்தார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரம்.

டானியைப் பற்றிப் படித்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதிவிட்டு, அவர் இப்போது இருக்கும் கப்பலுக்குக் கூப்பிட்டேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக நேராகக் கேட்டேன், நான் சொல்லாமல் இருந்ததில் உங்களுக்கு வருத்தமா என்று.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் விட்டுப்போனதோ என்று நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "மூணாம் நாள் வீடியோல பேசினே. நீ போனை செவுரு தெரியாத மாதிரி திருப்பி வெச்சிருந்தே. உனக்குப் பின்னாடி ஜன்னல் வழியா திண்ணை தெரிஞ்சது. கட்டில் இல்ல."

அந்தக் கட்டிலை எங்கள் மாமா மழைக்குக்கூட உள்ளே எடுக்க விடமாட்டார். காரியம் முடியும்வரை அதைக் கொல்லையில் சாய்த்து வைத்திருந்தோம். சுவரில் மாலை போட்ட படம் தெரியக் கூடாது என்று போனை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் யோசித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"அப்ப ஏன் கேக்கல?" என்றேன்.

"நீ சொல்ல முடியாம தவிக்கிறது தெரிஞ்சது. கேட்டா நீ உடைஞ்சுருவே. பக்கத்துல நான் இல்ல."

எட்டு நாள் அவரும் தெரிந்துகொண்டே என்னிடம் "அப்பா எங்க?" என்று கேட்டிருக்கிறார். நான் "தூங்குறாங்க" என்று சொல்லியிருக்கிறேன். கடலோடி அண்ணா கேப்டன் அறையில் உட்கார்ந்தது போல அவருக்கு யாரும் எதிரே உட்காரவில்லை. எஞ்சின் அறையில் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அழுதாராம்.

இப்போது ஒன்று பேசி வைத்திருக்கிறோம். அத்தைக்கு 74 வயது, சர்க்கரை இருக்கிறது. நாளைக்கு ஏதாவது என்றால், வீட்டுக்காரர் வாட்ச்சில் இருந்தால் முடியும்வரை காத்திருப்பேன், அதற்குமேல் ஒரு மணி நேரம்கூட வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கப்பலில் கூட வேலை பார்க்கும் தூத்துக்குடித் தம்பி ஒருவரின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் அவரைக் கூப்பிட்டு இவர் பக்கத்தில் போய் உட்காரச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் இவருக்கு.

கட்டில் திண்ணையில் பழைய இடத்திலேயே கிடக்கிறது. நேற்று வீடியோவில் பேசும்போது அது தெரிகிற மாதிரிதான் உட்கார்ந்தேன். அத்தை அதில் படுத்திருந்தார்கள். அவர், "அம்மாவ எழுப்பு, பேசணும்" என்றார். எழுப்பினேன்.